மாமா விழுந்த கிணறு

பழைய கம்ப்யூட்டர் சாகச விளையாட்டுகளில் சாவுக்குப் பஞ்சமே கிடையாது. கதவைத் தப்பாகத் திறந்தால் சாவு, கிணற்றை எட்டிப் பார்த்தால் சாவு. செத்ததும் ஒரு பெட்டி தோன்றி, "செத்துட்டீங்க, மறுபடி ஆடுறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்கும். அந்தப் பெட்டியில்தான் நான் கை வைத்தேன்.

பரளச்சி மாமா, அம்மாவுக்கு அண்ணன். சின்ன வயதில் என்னோடு உட்கார்ந்து அந்த விளையாட்டை ஆடியவர். ஒவ்வொரு முறை செத்ததும் விழுந்து விழுந்து சிரிப்பார். நெஞ்சுவலி என்று அவரை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அம்மாவும் அத்தையும் அங்கே. அருப்புக்கோட்டை வீட்டில் நானும் என் பயமும்.

திரும்பி வந்தால் ஆடிச் சிரிக்கட்டுமே என்று அந்த விளையாட்டைப் பிரித்துப் போட்டேன். உள்ளே பூட்டி வைத்திருக்கும் கட்டளைகளை நாம் படிக்கிற எழுத்தாக அவிழ்த்து, மாற்றி, திரும்பக் கட்டுகிற வேலை. (ஆபீசில் இதையே செய்யச் சொன்னால் லீவு போட்டுவிடுவேன்.) அதில் வரும் இளவரசனை மாமாவாக்கினேன். காட்டைக் கருவேலங்காடாக்கினேன். சாவுப் பெட்டியை எங்கள் ஊர் கண்ணீர் அஞ்சலி போஸ்டராக்கினேன்: மாமா படம், 'இன்று மாலை நான்கு மணிக்குப் பரளச்சியில் நல்லடக்கம்'. தேதியைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். என்றைக்குச் செத்தாலும் அன்றைய தேதி வரும். நெஞ்சுவலிக்காரருக்கு இது தேவையா என்று யோசிக்கிற மூளை மட்டும் எனக்கு இல்லை.

மாமாவைக் கிணற்றில் தள்ளிச் சோதித்தேன். போஸ்டர் அம்சமாக வந்தது. அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

அந்த நேரம் பார்த்துச் சித்தி வந்திருக்கிறார். மாமாவின் தங்கை. திரையைப் போனில் படம் பிடித்து, சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டு, அழுதுகொண்டே பரளச்சிக்குப் பஸ் ஏறிவிட்டார். (அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். சாவுக் கேதம் என்றால் எங்கள் பக்கம் கேட்க மாட்டார்கள், கிளம்பிவிடுவார்கள்.)

குளித்துவிட்டு வந்து பார்த்தால் குழு முழுக்கக் கும்பிடு கைகள். "பொய், பொய்" என்று நான் போட்டதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பஸ்ஸில் அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா போனை எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது மாமா வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று, கொட்டு வந்தாயிற்று. வீரசோழனிலிருந்து மாமாவின் வியாபாரக் கூட்டாளி ஆளுயர மாலையோடு நின்றார்.

அன்றைக்கென்று பார்த்து மாமாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொல்வதற்குள் கார் வந்து நிற்க, பெண்கள் ஓலமிட்டபடி அதன் மேல் விழுந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு மாமா இறங்கினார். ஓலம் பாதியில் நின்றது.

"யாருலே போயிட்டா?"

சித்திதான், "நீதாண்ணே" என்றார்.

மாமாவின் கை நெஞ்சுக்குப் போனது. கொன்றுவிட்டோம் என்றே நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, சித்தியின் போனை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"நாலு மணின்னு போட்டுருக்கு. மணி அஞ்சாச்சு. இன்னுமா எடுக்கல?"

கூட்டம் சிரித்தது. விளையாட்டு, கிணறு, போஸ்டர் எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொண்டேன். என்னைத் தனியே கூப்பிட்டபோது அவர் சிரிக்கவில்லை.

"மாப்ளே, அந்தக் கெணத்தச் சுத்தி ஒரு சுவரு கட்டிரு. பயமா இருக்குலே."

அன்றே கட்டினேன். அந்த விளையாட்டில் மாமா இப்போது எப்படி நடந்தாலும் விழ முடியாது.

அடுத்த வருஷம் அவர் நிஜமாகவே போய்விட்டார். அம்மா குழுவில் போட்ட செய்திக்கு ஒரு கும்பிடுகூட வரவில்லை. எனக்குத்தான் போன் மேல் போன்: "ஏலே, நெசமா, இல்ல நீ போட்டதா?" நெசம்தான் என்று ஒவ்வொருவரிடமும் நானே சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் எங்கள் சொந்தத்தில் யார் செத்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

மாமா நிஜமாகப் போன அன்றைக்கு, அவரைத் தூக்குகிற நேரத்தில் அத்தை மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"எய்யா, இதுவும் நீ போட்டதுன்னு சொல்லிரேன்."