ரசமட்டம் கையில் புதுக்கத்தி

குறை சொல்கிறவர்களை நமக்குத் தெரியும். புதுக்குடையை விரித்துப் பார்த்து, மூக்கைச் சுளித்து, இதெல்லாம் ஒரு குடையா என்று சொல்லிவிட்டு, மழை வந்ததும் அதையே பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்களால் ஒரு கெடுதலும் இல்லை. குடை பிழைத்துக்கொள்ளும். இங்கே சொல்ல வருவது வேறு இனம். குறையைக் கண்டதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதைச் சரிசெய்ய உட்காருகிறவர். புதுச்சட்டையில் தொங்கும் நூலை இழுத்தால் பித்தான் கையோடு வந்துவிடும் என்று நமக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் நூல் தொங்குகிறதே, எப்படி விடுவது?

இந்த இனத்தில் ஒருவரைத் தெருவில், கொத்தனார் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரால், ரசமட்டம் என்பார்கள், அவர் காதில் விழாமல். மருந்து ஆலையில் சீசாக்களின் மேல் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். பகலெல்லாம் கோணல் சீசாவைத் தேடிப் பிடித்து ஒதுக்குகிறவர், வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழற்றியா வைக்க முடியும்?

அவர் மனைவிக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. சத்தம் போடுகிறது என்று அவர் எண்ணெய் விட்ட கடிகாரம் இப்போது சத்தம் போடுவதில்லை, ஓடுவதுமில்லை. சொட்டுகிறது என்று அவர் முடுக்கிய குழாயை இடுக்கி இல்லாமல் திறக்க முடியாது. அவள் வாய் திறந்ததில்லை. கத்தி வரும்வரை.

அவளுடைய பழைய கத்தி தக்காளியை வெட்டாது, கெஞ்சும். கெஞ்சிப் பார்த்துவிட்டு நசுக்கிவிடும். அதனால்தான், கப்பலில் சமையல்காரனாக இருக்கும் தம்பியிடம், தனக்கென்று ஒன்றும் கேட்டறியாதவள் ஒரு ஜப்பான் கத்தி கேட்டாள். அவனும் கொண்டுவந்தான். ஒரு பக்கம் சரிவாகத் தீட்டியிருந்தது. மறுபக்கம் தட்டையாக, நடுவில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு குழிவு. இந்த வகைக் கத்தியை அப்படித்தான் செய்வார்கள், குழிவு இருந்தால்தான் நறுக்கிய துண்டு ஒட்டாமல் விழும் என்று அக்காவுக்கும் அத்தானுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு அவன் கப்பலுக்குத் திரும்பினான்.

அவள் பலகையில் ஒரு தக்காளியை வைத்தாள். கத்தியை எடுத்தாள்.

"இரு. அப்படியே குடு."

அப்புறம் நடந்ததுதான் இந்த இனத்தின் பூசை. மேசையைத் துடைத்து, கத்தியைக் கிடத்தி, ஒரு கண்ணை மூடி, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி, கட்டைவிரல் நகத்தால் முதுகைத் தடவி, பூதக்கண்ணாடியை எடுத்து ஊதித் துடைத்து, மறுபடி மற்றக் கண்ணை மூடி, கடைசியில் ஒரு பெருமூச்சு. பிடி ஒரு நூல் சாய்ந்திருக்கிறதாம். பிடியும் இரும்பும் சேருகிற இடத்தில் மயிரிழை இடைவெளியாம். முதுகின் ஓரம் விரலை உறுத்துகிறதாம். நுனி துளி வளைந்திருக்கிறதாம்.

அநியாயமாகப் பேசக் கூடாது. சொன்னது அத்தனையும் உண்மை.

"பெரிசா ஒண்ணும் இல்ல," என்றார். மருத்துவர் சொன்னால் வயிற்றில் பால் வார்க்கிற சொல் அது. இவர் சொன்னால் வயிற்றைக் கலக்கும்.

முதுகை உப்புத்தாளால் தேய்த்தார்; வழவழவென்று ஆயிற்று. இடைவெளியில் மெழுகை உருக்கி விட்டார், அடைபட்டது. அங்கே நிறுத்தியிருந்தால் அவர் நல்ல மனிதர், நமக்கும் இந்த வேலை இல்லை. நுனியை நிமிர்த்தப் போனார். ஒரு கடுகளவு உடைந்தது. உடைந்ததைக் காணாமல் செய்ய நுனியையே கொஞ்சம் உள்ளே தள்ளித் தேய்த்தார். தேய்த்துவிட்டுத் திருப்பிப் பார்த்தவருக்குப் புதையல் கிடைத்தது போல முகம் மலர்ந்தது.

"பாத்தியா, இந்தப் பக்கம் தீட்டவே மறந்துட்டான்."

"தம்பி சொன்னான்லங்க, அது அப்படித்தான் இருக்கும்னு."

"உன் தம்பி வாங்கிட்டு வந்தவன். பொண்ணு வீட்டுக்காரன் பொண்ணைப் பத்திச் சொல்ற மாதிரி, நல்லதாத்தான் சொல்லுவான்."

"எனக்குத் தக்காளி நறுக்கணும்."

"தக்காளி எங்க ஓடப் போகுது?"

சாணைக்கல் வந்தது. மறந்துபோன பக்கத்தைத் தீட்டினார், குழிவு மறைகிறவரை தீட்டினார், மறைந்ததும் பழைய பக்கம் புதுப்பக்கத்தைவிடச் சரிவு கூடுதலாகத் தெரிந்ததால் அதைத் தீட்டினார், தீட்டியதில் கல்லின் நடுவே பள்ளம் விழுந்ததால் கல்லைத் தேய்க்க வேறொரு கல் வாங்கி வந்து தேய்த்தார், மட்டமான கல்லில் மறுபடி கத்தியைத் தீட்டினார். தொட்டியெல்லாம் சாம்பல் நிறச் சேறு. மூன்று விரல் அகலமாக வந்த கத்தி இரண்டரை விரலுக்கு வந்து நின்றது. நின்றது என்றா சொன்னோம்? நிற்கவில்லை. இப்படியே போனால் பல் குத்தத்தான் உதவும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் அவள் பழைய கத்தியால் தக்காளியை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

சண்டை போட்டிருக்கலாமே என்பீர்கள். இந்த இனத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவர் கிடையாது. அவர்கள் பக்கம் எப்போதும் ஒரு நிஜமான குறை இருக்கும்.

அவள் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். இங்கே எது இல்லாமல் தன்னால் இருக்க முடியும்? மின்விசிறி இல்லாமல் முடியாது. அடுப்பை நினைக்கவே பயமாக இருந்தது. பார்வை சமையலறைக் கதவில் வந்து நின்றது. பாவம், அது பாட்டுக்கு ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வந்து பாருங்களேன். இந்தக் கதவு லேசா உரசுற மாதிரி இல்ல?"

கல்லில் கத்தி நின்றது. அவர் எழுந்து வந்து கதவை ஒரு தடவை ஆட்டினார். காதை வைத்துக் கேட்டு இன்னொரு தடவை ஆட்டினார்.

"ஆமா. உரசுது," என்றார், மெல்ல, பக்தியோடு. மரம் சீவ இழைப்புளியைத் தேடிக்கொண்டு போனார்.

அவள் கத்தியைக் கழுவித் துடைத்தாள். தக்காளி, வைத்த மாத்திரத்தில் விலகிக் கொடுத்தது. துண்டுகள் இரும்பில் ஒட்டிக்கொண்டன, விரலால் தள்ளிவிட்டாள். கூடையில் இருந்த அத்தனை தக்காளியையும் நறுக்கினாள். அவ்வளவு தக்காளி அன்றைக்குத் தேவையே இல்லை.

இன்று அந்தச் சமையலறைக்குக் கதவு கிடையாது. அது கூடத்துச் சுவரில் சாய்ந்து, நாலு பக்கமும் சமமாகிற நாளுக்காகக் காத்திருக்கிறது. கத்தி அவளிடம் இருக்கிறது. அவர் அதைக் கேட்கவில்லை, கேட்க நேரமில்லை.

இவரைப் போல ஒருவரை உங்களுக்கும் தெரியும் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாரோ, ஒன்றுமில்லாத ஒன்றைக் காட்டி, கொஞ்சம் இங்கே வந்து பாருங்களேன் என்று அருமையாகக் கூப்பிட்டார்களே, அப்போது நீங்கள் கீழே வைத்துவிட்டுப் போனது என்ன?