ஏணியால் வந்த வம்பு

அன்புள்ள மைத்துனர் ரங்கநாதன் அவர்களுக்கு,

ஸ்ரீரங்கத்திலிருந்து மாத்ருபூதம் எழுதுவது. நானும் உங்கள் அக்காளும் சுகம். ஓசூரில் தாங்களும் குடும்பத்தாரும் சுகமென்றே நம்புகிறேன். போனில் பேசினால் மாடிக்குக் கேட்கும் என்பதால் இந்தக் கடிதம்.

நம் பையன் பிரதீப் மாடியில் இருந்தபடியே ஐரோப்பாவில் காற்றாலை கட்டும் ஏதோ ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பது தங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று எனக்கு மூன்று வருடமாகத் தெரியாது; பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்தவனுக்குக் கையில் கறை படாத வேலை லேசில் விளங்குவதில்லை. கீழ்வீட்டில் எங்களோடு மகள் பூரணியும் மாப்பிள்ளை செந்தமிழனும் இருக்கிறார்கள். அவர் துவாக்குடியில் அப்துல் சுக்கூர் பாயின் பட்டறையில் வெல்டர். போன மாதம் பிரதீப்புக்குப் பதவி உயர்ந்து, வாசலில் புதுக் கார் வந்து நின்றது. அதே மாதம் பட்டறையில் ஓவர்டைமை நிறுத்தி, பேட்டாவை வெட்டி, நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூரணி பிள்ளையை ஸ்கூல் வேனிலிருந்து நிறுத்தி டவுன் பஸ்ஸில் ஏற்றினாள். எல்லாம் கிரகம் என்று நான் திருவெள்ளறைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன்.

சென்ற ஞாயிறு கார் வாங்கியதற்காக மாடியில் பிரியாணி. மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே, "எவனோ ஒரு படுபாவி ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு ரேட்டக் கொறச்சிட்டான் மாமா. கையில சிக்கட்டும்" என்றார். பிரதீப்பும், "விடாதீங்க மாப்ள" என்று இன்னொரு துண்டு கறி வைத்தான். அதோடு போயிருக்கும். பதவி உயர்வு எதற்கு என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன். அவன் பெருமையாகப் போனை நீட்டினான். காற்றாலைக் கோபுரத்துக்குள் ஏறும் இரும்பு ஏணி. உலகம் பூராவும் விசாரித்து, செய்து தருகிறவர்களிடம் விலையை நூற்றுக்குப் பன்னிரண்டு குறைத்துக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தானாம். செந்தமிழன் கையைக் கழுவிவிட்டு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது நான் வச்ச வெல்டு, மச்சான்."

பூரணி, "அண்ணே, எம் புள்ள வேனை நிறுத்துனது நீதானா?" என்றாள்.

"நான் கொறைக்கலன்னா ஆர்டரே வேற நாட்டுக்குப் போயிருக்கும் பூரணி. எனக்குத் தெரிஞ்சது வெறும் ஒரு நம்பர்தான். அது மாப்ளன்னு எங்க போட்டிருக்கு?"

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்குச் சங்கடம், திட்டலாமென்றால் ஆளில்லை. உங்கள் அக்காள் மட்டும், "ரெண்டு பேரும் ஒரே ஏணிக்குத்தானடா ஒழைச்சீங்க? ஒனக்குக் காரு, அவருக்கு வெட்டா?" என்று கேட்டாள். பிரதீப் தயிர்ப்பச்சடியைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

அன்றிலிருந்து செந்தமிழன் மாடிக்கு வருவதில்லை. ஆகவே தாங்கள் மேலாளராக இருக்கும் கம்பெனியில் மாப்பிள்ளைக்கு ஒரு வெல்டர் வேலை பார்த்துத் தரவேண்டும். பிரதீப்பைப் பற்றிக் கவலையில்லை, அவன் நிலைத்துவிட்டான்.

குழந்தைகளுக்குப் பெருமாள் நல்ல படிப்பும் கண்ணுக்குக் கெடுதலில்லாத உத்தியோகமும் தரட்டும்.

இப்படிக்கு,
மாத்ருபூதம்

பி.கு.: எழுதி நாலு நாளாகியும் தபாலில் போடவில்லை. அதற்குள் பிரதீப் பார்த்த வேலையை வேறொரு நாட்டு அலுவலகத்துக்குப் பாதிச் சம்பளத்தில் கொடுத்துவிட்டார்கள். பட்டறைக்கோ, விலை மலிவென்று ஏணி ஆர்டர் இரட்டிப்பாகிவிட்டது. செந்தமிழன் சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "ஆபீஸ் வேலைக்கு பாய் ஆள் தேடுறாரு, வாங்க மச்சான்" என்று கூட்டிப் போனார். பாய் சொன்ன சம்பளத்தை ஏற்றித் தரும்படி பிரதீப் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தானாம். பாய் அசையவில்லை. நாளை சேருகிறான். ஓசூரில் யாருக்கும் வேலை பார்க்க வேண்டாம்.