மிளகாய்க் குவியலில் ஒற்றைச் செருப்பு

என் மருமகளின் வியாபாரத்தை வெளியாள் யாரும் கெடுக்கவில்லை. நான்தான் கெடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சிரிக்கிறார்கள், ஒருத்தியைத் தவிர.

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் நிலத்தை யார் விற்கிறார்கள் என்று பத்திரம் பார்த்துப் பதிவு செய்தே காலம் போனது. அந்த வேலையில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் ஒரு தாய்ப்பத்திரம் உண்டு, அதைப் படித்துச் சொல்ல நம்மை விட்டால் ஆளில்லை என்று தோன்றும். (ஓய்வு பெற்றால் இது குறையும் என்பார்கள். கூடும்.)

ராமநாதபுரம் மாவட்டத்தில் சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்களுக்கு மிளகாய் போடும் நிலம் இருக்கிறது. குண்டு மிளகாயைக் காயவைத்து, மூட்டை கட்டி, கமிஷன் கடையில் இறக்கிவிட்டு, அவர்கள் சொல்லும் விலைக்குத் தலையாட்டிவிட்டு வருவதுதான் எங்கள் விவசாயம். மருமகள் தேன்மொழி வந்த பிறகு அது கொஞ்சம் மாறியது. இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, வத்தலையும் தூளையும் பார்சலில் அனுப்ப ஆரம்பித்தாள். எல்லாம் அவள் எடுக்கும் படங்களால் நடந்தது. வெயில் ஏறும் முன்னே களத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு எடுப்பாள். நாங்கள் வருடம் முழுக்க மிதித்துத் திரிந்த களம், அவள் படத்தில் பார்த்தால் எங்களுக்கே அந்நியமாக, அழகாக இருக்கும்.

ஒரு மாசியில் நல்ல காய்ப்பு. குவியலைப் பார்த்ததும் என் மனைவி பஞ்சவர்ணத்துக்குப் பயம் வந்துவிட்டது. என் பழைய செருப்பு ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். வார் அறுந்து, நீல நைலான் கயிற்றால் நானே தைத்துப் போட்டிருந்த செருப்பு. குவியல் நடுவே ஒரு குச்சியை நட்டு அதில் மாட்டினாள்.

"அத்தை, படத்துல செருப்பு இருந்தா எவன் வாங்குவான்?" என்றாள் தேன்மொழி.

"வாங்காட்டிப் போறான். கண்ணு படாம இருக்கும்ல. முன்னல்லாம் ரோட்டுல போறவன்தான் பாத்தான். இப்ப நீ ஊரு ஒலகத்துக்கே காட்டுற."

மாமியாருடன் வாதாட அவளுக்கு விருப்பமில்லை. செருப்போடு எடுத்து, பிறகு போனிலேயே அந்த இடத்தை வெட்டிவிட்டு இணையப் பக்கத்தில் போட்டாள். வெட்டாத படத்தை எனக்கும் என் மகனுக்கும் மட்டும் சிரிப்பதற்காக அனுப்பினாள். நான் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

சில மாதம் கழித்து ஒரு நாள் தேன்மொழி போனை நீட்டினாள். திருப்புல்லாணியில் ஒரு மிளகாய் மில்லின் விளம்பரம். 'எங்கள் களத்திலிருந்து நேரடியாக' என்று எழுதியிருந்தது. மேலே எங்கள் குவியல், நடுவில் என் செருப்பு.

"இது நம்ம படம்லம்மா!"

"ஆமா மாமா. ஆனா செருப்போட இருக்குறத நான் போடவே இல்லையே. இது எப்படி அங்கன போச்சுன்னுதான் தெரியல."

(இந்த இடத்தில் ஒரு புத்திசாலி யோசித்திருப்பான்.)

"திருட்டும்மா இது. வா, இப்பவே போவோம்."

"வேணாம் மாமா. நான் மெசேஜ் போட்டுட்டேன். அந்தக்கா நல்லாத்தான் பேசுறாக. தெரியாமப் போட்டுட்டேன், எடுத்துர்றேன்னு சொன்னாக. மில்லுக்கு வருசம் பூரா மிளகாய் வேணுமாம், ஒங்ககிட்டயே வாங்கிக்கிறேன்னு சொல்லிருக்காக. கமிஷன் கடைக்குப் போகவே வேணாம் மாமா. நீங்க ஒண்ணும் செய்யாதீக."

இதற்குமேல் தெளிவாக எந்த மனிதரிடமும் எதையும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆக்கிரமிப்பு செய்தவரோடு சமாதானமா? அதுவும் என் செருப்பை வைத்துக்கொண்டா? மறுநாள் சனிக்கிழமை. ராமநாதபுரத்தில் ஒரு வேலை என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பத்திரத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். எனக்கு ஒருவர்தான் கிடைத்தார்: என் மனைவியின் தம்பி முனியசாமி. கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஆதாரம்.

திருப்புல்லாணியில் கோயிலுக்கு வந்த கூட்டம் தெருவெங்கும் இருந்தது. மில் வாசலில் டப்பாக்களோடு வரிசை. நாங்கள் உள்ளே நுழைந்ததும் மின்சாரம் போனது. அதுவரை ஊரையே அதிர வைத்துக்கொண்டிருந்த இயந்திரம் நின்று, தெரு அப்படியே அடங்கியது. என் பேச்சுக்கு அரசாங்கமே ஏற்பாடு செய்த அமைதி.

"இங்கன யாரும்மா ஓனரு?"

முகத்தில் மிளகாய்த்தூள் படிந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். பெயர் காளீஸ்வரி என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"நாந்தான்யா. கரண்டு வரட்டும், செத்த ஒக்காருங்க."

"நான் அரைக்க வரல. திருட்டுப் போனதப் பாக்க வந்தேன்."

உரிமை, ஆக்கிரமிப்பு, புகார், கோர்ட்டு என்று தெரிந்த எல்லா வார்த்தைகளையும் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் விடவில்லை. "மறுக்கப் பாக்காத. ஆதாரம் வச்சிருக்கேன்" என்று பைக்குள் கைவிட்டு, செருப்பை எடுத்து உயர்த்திப் பிடித்தேன்.

நீலக் கயிற்றை அவள் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே என் எண்ணம். ஆனால் தெருவில் நின்றவர்கள் கண்டது வேறு. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கிழவன் கடைக்குள் புகுந்து ஒரு பெண்ணுக்கு முன்னால் செருப்பைத் தூக்குகிறான்.

"ஏலே, பொம்பளப் புள்ளைக்கிட்டச் செருப்பத் தூக்குறியா?" என்று வரிசையிலிருந்த ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். "வயசானவனாச்சேன்னு பாக்குறேன்."

"யப்பா, அது சாட்சி" என்றேன்.

"சாட்சியா? கூட வந்தவன் யாரு?"

முனியசாமி டப்பா வரிசையில் போய் நின்றுகொண்டிருந்தான். "நான் மல்லி அரைக்க வந்தேன்" என்றான். (அவன் கையில் டப்பா இல்லை.)

காளீஸ்வரிதான் என்னை விடுவித்தாள். "அவர விடுண்ணே" என்றாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "எங்க அய்யா, என்னப் பெத்தவுக, அனுப்பிச்ச படம் இது. அவுகளும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வேல பாத்தவுக. இதப் படிங்க."

எங்கள் ஓய்வு பெற்றோர் வாட்ஸப் குழுவில் வந்த செய்தி. எங்கள் குவியல், என் செருப்பு, கீழே வாசகம்: 'காலை வணக்கம். எங்கள் மண்ணின் மிளகாய். நண்பர்கள் அனைவரும் தாராளமாக எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.' அதன் கீழே என் முழுப் பெயர், சார்பதிவாளர் (ஓய்வு).

தினமும் காலையில் இப்படி எதையாவது அனுப்புவது என் வழக்கம். அனுப்பியது நினைவிலேயே இல்லை. இவ்வளவு சுத்தமான தானப் பத்திரத்தை என் பணிக்காலத்தில் நான் பதிவு செய்ததில்லை.

"இது நீங்கதானய்யா?"

"நாந்தான்."

"ஒங்க மருமக கேட்டவொடனே எடுத்துர்றேன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழம மிளகாய் பாக்க வாரதா இருந்தேன்." என் கண் முன்னாலேயே படத்தை அழித்தாள். "இந்தா, போச்சு. மிளகாயும் வேணாம்யா. ஒங்க வீட்டு மிளகாய அரைச்சா எனக்கு இந்தச் செருப்புதான் ஞாபகம் வரும்."

நான் வீடு வந்து சேருமுன் தேன்மொழிக்குச் செய்தி வந்துவிட்டது. களத்தில் நின்றிருந்தாள்.

"ஒண்ணும் செய்யாதீகன்னுதான மாமா சொன்னேன்."

அவ்வளவுதான். அந்த வருடம் பார்சலில் போனது போக மீதி மிளகாய் மறுபடியும் கமிஷன் கடைக்கே போனது. மூட்டைகளை அவளே நின்று ஏற்றிவிட்டாள். அடுத்த வருடமும் அங்கேதான்.

மன்னிப்புக் கேட்கத் தனியாகப் போனேன், வெறுங்கையோடு. அன்று மின்சாரம் இருந்தது. மில் ஓடிக்கொண்டிருந்தது. நான் திட்டியது தெருக்கோடிவரை கேட்டது. மன்னிப்பு, எதிரே நின்ற காளீஸ்வரிக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. "என்னய்யா?" என்று காதில் கை வைத்தாள். இன்னொரு முறை சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த டப்பாவை வாங்கினாள்.

இப்போது நான் பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குக் கிளம்பினாலும் சரி, கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் சரி, பஞ்சவர்ணம் வாசலில் நின்று கேட்பாள்: "பையில செருப்பு இல்லையே?" மகன் சிரிப்பான். முனியசாமி வந்திருந்தால் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன்.

தேன்மொழி சிரிப்பதில்லை. எழுந்து வந்து பையைத் திறந்து பார்ப்பாள்.