முதல் பதிப்பின் நான்காம் பக்கம்

பன்னிருமுக நாட்டில் சண்டை சச்சரவு எதுவானாலும் மேசையில்தான் தீரும். வழக்குக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று உட்காருவார்கள்; நடுவர் விதிநூலைப் பார்த்துக் கதையை நகர்த்துவார்; பன்னிரண்டு முகப் பகடை முடிவைச் சொல்லும். அரியணைக்கும் அதே வழிதான். மன்னர் எழிற்கோன் அப்படி உருட்டி வந்தவரே. விதிநூல் அப்போது நாற்பது பக்கம், இடுப்பில் செருகிக்கொள்ளலாம்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் பதிப்பு வெளியிட்டார்: குடிமக்கள் இனிப் பகடையைத் தொடக்கூடாது, நடுவரே உருட்டுவார். மூன்றாம் பதிப்பில் உழவர் என்ற பாத்திரத்தையே எடுத்துவிட்டார்கள். உழவர்கள் இனிப் பார்வையாளர்கள். அவர்கள் செய்யக்கூடியது கைதட்டுவது மட்டும். நான்காம் பதிப்பின்படி, தப்பான நேரத்தில் தட்டினால் ஒரு மாத அரிசி கிடையாது. பழைய பதிப்பை வைத்திருந்தால் நாடுகடத்தல். நாற்பது பக்க நூலுக்கு இத்தனை பயம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஐந்தாம் பதிப்பைப் பதிப்புத் துறை அமைச்சர் குணசீலர் பேரவையில் வாசித்தார்.

“பழைய பதிப்புகளின்படி உருட்டப்பட்ட அனைத்தும், குடிமக்களின் நன்மையை முன்னிட்டு, இன்றுமுதல் செல்லாது.”

பார்வையாளர் வரிசையில் உழவுக்காரி பொன்னுருவியும் இருந்தாள். முதல் பதிப்பில் உருட்டி அவள் வென்ற கிணறுதான் அவள் நிலத்துக்கு உயிர். அதன்மேல் அமைச்சரின் மைத்துனருக்கு வெகுநாளாகக் கண். பேரவையே தலையைக் குனிந்து கைதட்டியது. அவள் தட்டவில்லை. காவலர்கள் அவளை நோக்கி நடந்தார்கள்.

“பழசெல்லாம் செல்லாதுன்னா, ராசா உருட்டுனது எந்தப் பதிப்புலங்க?” என்றாள்.

கைதட்டல் நின்றது. காவலர்களும் நின்றார்கள். குணசீலர் ஐந்தாம் பதிப்பின் எண்ணூறு பக்கங்களையும் புரட்டினார். அரியணையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை எழுத எவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

மன்னருக்கு வியர்த்தது. முதல் பதிப்பு என்றென்றும் செல்லும் என்று அறிவித்து, அதைக் கொண்டுவரச் சொன்னார். எல்லாவற்றையும் எரித்தாயிற்று என்றார் அமைச்சர்.

“வைத்திருப்பவருக்குத் தண்டனை இல்லை. இது அரச வாக்கு” என்றார் மன்னர்.

யாரும் அசையவில்லை. அரச வாக்கின் லட்சணம் ஊருக்குத் தெரியும். பொன்னுருவி மடியிலிருந்து தன் நூலை எடுத்தாள். இனி வீடு திரும்புவோமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. பின்வரிசையில் ஒருவர் எடுத்தார். பிறகு வரிசை வரிசையாக எடுத்தார்கள். கடைசியில் காவலர்களும் கவசத்துக்குள் கைவிட்டார்கள். எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கேறி ஓரம் மழுங்கியவை. இத்தனை வருடமும் கதவைச் சாத்திக்கொண்டு நாடே அதைத்தான் ஆடியிருக்கிறது.

மன்னர் நிம்மதியாக மூச்சுவிட்டு, அரியணைப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். அது நான்காம் பக்கம். பொன்னுருவி நூலைப் பிரிக்கவே இல்லை.

“உருட்டி வென்றவரே மன்னர். ஆட்சி ஏழாண்டு. பிறகு எல்லோர் கண்முன்னும் மறுபடி உருட்ட வேண்டும்.”

எழிற்கோன் அமர்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பொன்னுருவி தன் பழைய பகடையை மேசைமேல் வைத்தாள்.

“உருட்டுங்க ராசா.”

நன்றாகத் தெரியவேண்டும் என்று காவலர்கள் மேசையருகே நெருங்கி வந்தார்கள்.