லெவலண்ணன் குடித்த கறுப்பு பீர்

பீருக்கு நட்சத்திரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்துக்கு ஏழு என்று மார்க் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பீரைப் பூமிக்கு அடியில் இறக்கி ஆழம் பார்க்கிற ஒரே மனிதர் எங்கள் ஊரிகம் தொழிலாளர் லைனில்தான் குடியிருக்கிறார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் லெவலண்ணன்.

கோலார் தங்கவயலில் சுரங்கம் ஓடின காலத்தில் ஷாஃப்ட் குழியின் வாயில் நின்று மணி அடிப்பது அவர் வேலை. ஒரு மணி அடித்தால் ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் நிற்கும். இரண்டு அடித்தால் இறங்கும். மூன்று அடித்தால் உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்து இறக்கு என்று அர்த்தம். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அண்ணன் மட்டும் இன்னும் மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மத்தியானத் தூக்கம் கலைந்ததும், வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். தலையில் பழைய ஹெல்மெட் ஏறும். எவர்சில்வர் டம்ளரில் கால்வாசி ஊற்றி, கண்ணை மூடி, ஓப்பனரால் பாட்டிலை இரண்டு தட்டு தட்டுவார். பீர் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு வாய் குடிப்பார். அது போய்ச் சேர வேண்டிய இடம் வந்ததும் ஒரே ஒரு தட்டு. பிறகு தீர்ப்பு, சுரங்கத்து அடுக்குக் கணக்கில், ஆழம் கூடக்கூட உசத்தி: 'பன்னண்டாவது லெவல்', 'இருவதாவது லெவல்'. அவ்வளவுதான், அடுத்த ஞாயிறு வரை தொடமாட்டார். "குடிகாரனாச்சும் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவான், இவுரு கால் டம்ளருக்கு ரெண்டு மணி நேரம் ஒக்காந்துக்கினு கீறாரு" என்று அண்ணி புலம்புவார்.

மூன்று தட்டு மட்டும் அவர் தட்டி நான் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பாட்டிலுக்குள்ள ஆளா ஒக்காந்துக்கினு கீறான்?" என்றார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பெங்களூரில் அட்டைப்பெட்டி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஒரு சம்பள நாளில் பெரிய மனுஷனாகிவிட்ட நினைப்பில், எலுமிச்சை வாசம் அடிக்கிற விலை உயர்ந்த பீர் ஒன்றை அவருக்கு வாங்கிப் போனேன். ஹெல்மெட்டைத் தொடக்கூட இல்லை. மோந்து பார்த்துவிட்டு, "இது கேஜுலயே ஏறல. கேட்டாண்ட நின்னு பீடி கேட்டுக்கினு கீது" என்றார். நான் எத்தனையாவது லெவல் என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "உனக்கு இன்னும் உள்ள எறங்குற டோக்கனே குடுக்கல" என்றார்.

இந்த வியாதி பீரோடு நிற்கவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்தை மூன்றாவது லெவல் என்று சத்தமாகச் சொல்லி, பெண் வீட்டாரை முறைக்க வைத்தார். அண்ணி வைத்த ரசத்தை அஞ்சாவது லெவல் என்றார். ராத்திரி சோறு வரவில்லை. காலையில் அதே ரசம் நாற்பதாவது லெவலுக்கு இறங்கியிருந்தது.

அவர் மரியாதை எல்லாம் ஸ்டவுட் என்கிற கெட்டியான கறுப்பு பீருக்குத்தான். எங்கள் மேனேஜர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பாட்டிலை நான் கெஞ்சி வாங்கிக் கொடுத்தபோது, ஹெல்மெட்டின் வாரைக்கூட இழுத்துக் கட்டிக்கொண்டார். அறுபதாவது லெவல் வரை போனது. "அதுக்குக் கீழ போவல. பாறை வந்துருச்சு" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

இப்படிப்பட்டவர், தன் டம்ளரைத் தன் மகள் கலையைத் தொட விடமாட்டார். தானே கழுவி, தானே பரண்மேல் வைப்பார். "இந்த வாசம் என்னோட போவட்டும்" என்பார். கலை கெமிஸ்ட்ரி படித்துவிட்டு பெங்களூருக்குப் போய்வருகிறாள். "எம்பொண்ணு லேபுல கீது" என்று பால்காரர் முதல் பென்ஷன் கிளார்க் வரை எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

அது என்ன லேப் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் அவளும் ஒரே ரயில். பங்காருபேட்டை தாண்டி உட்கார இடம் கிடைத்த ஒரு காலையில் சொன்னாள். அவள் வேலை செய்வது பீர் காய்ச்சுகிற இடத்தில். அவளே செய்த ஸ்டவுட் அங்கே நன்றாகப் போகிறதாம். காய்ச்சுகிற பொறுப்பு முழுவதையும் அவளிடமே கொடுக்கிறோம் என்கிறார்களாம். பதில் சொல்ல வேண்டும்.

"நைனாகிட்ட இனிமே ஒளிக்க முடியாது சித்தப்பா. அவுரு வேணாம்னா வுட்டுர்றேன். ஆனா மொதல்ல அவுரு குடிச்சுப் பாக்கணும், அப்பறந்தான் சொல்வேன்" என்றாள். லேபிள் இல்லாத பாட்டிலை என் பையில் வைத்தாள். நான் வாங்கிவந்ததாகக் கொடுக்க வேண்டுமாம். இந்த ஊரிலேயே பொய் சொல்லத் தெரியாதவன் நான்தான் என்பது அவளுக்கு எப்படித் தெரியாமல் போனதோ.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே வாங்கினது என்றார். ஆபீஸில் கொடுத்தார்கள் என்றேன்.

"உங்க ஆபீஸ்ல அட்டப்பொட்டிதான செய்றாங்க?"

நான் அவசரமாகப் பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றினேன். நல்லவேளையாக நுரையைப் பார்த்துவிட்டார். காபி டிகாஷன் நிறத்தில் கெட்டியாக நின்றது. ஹெல்மெட் ஏறியது. இரண்டு தட்டு. கண்ணை மூடினார்.

கதவுத் திரைக்குப் பின்னால் கலை நின்றிருந்தாள். திரையைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது.

முதல் வாயில் கருகின வெல்லம் என்றார். இரண்டாவது வாயில், சூடு ஏறுது, கல்லு வேர்க்குது என்றார். பத்து போனது, முப்பது போனது, வெளிநாட்டு பாட்டில் முட்டிக்கொண்ட அறுபதும் போனது. ஓப்பனர் கையில் அப்படியே இருந்தது. தட்டவில்லை. "இன்னாபா இது, போய்க்கினே கீது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

திரை விலகியது.

"நைனா, அது நான் செஞ்சது."

அண்ணன் கண்ணைத் திறந்தார். உள்ளே அண்ணியின் கரண்டிச் சத்தம் நின்றது. நான் எதிரே சுரங்கக் கழிவு மண் குவிந்துகிடந்த சயனைடு மேட்டை முதல்முறையாகப் பார்ப்பவன்போல் பார்த்தேன்.

"லேபுன்னு சொன்ன?"

"லேபும் கீது. ஆனா வேல இதான். அங்க என்னையே மொத்தமும் பாத்துக்கச் சொல்றாங்க. நீ சொன்னாதான் போவேன்."

அவர் டம்ளரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே ஒரு பழைய சூட்டுத் தழும்பு. இஸ்திரிப் பெட்டி என்று சொல்லிவைத்திருந்தாள்.

"இதுவும் அங்கதானா?"

"ஆமா. கொதிக்கிற அண்டா."

"வலிச்சுதா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அது பொய் என்று எனக்கே தெரிந்தது.

அண்ணன் ஓப்பனரை எடுத்தார். ஒற்றைத் தட்டு விழப்போகிறது, இதோடு நிறுத்து என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பாட்டிலில் மூன்று தட்டு தட்டினார். மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே இடம் விட்டு.

கலைக்கு உடனே புரிந்துவிட்டது. முகத்தைத் திரையில் துடைத்துக்கொண்டாள். எனக்குத்தான், டோக்கன் கிடைக்காதவன் என்பதால், கொஞ்சம் நேரம் பிடித்தது. எத்தனையாவது லெவல் அண்ணே என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஆளு உள்ள கீதுபா. அவசரமா எறக்கக் கூடாது" என்றார். பிறகு டம்ளரை மகளிடம் நீட்டி, "கழுவி வெய்யிம்மா. நுரை இன்னும் கொஞ்சம் நிக்கணும், அதப் பாரு" என்றார்.

இப்போது கலைதான் அங்கே எல்லாம். அண்ணன் பால்காரரிடம், "எம்பொண்ணு அண்டாவாண்ட கீது" என்று திருத்திச் சொல்லிவிட்டார். வாராவாரம் அவள் ஒரு பாட்டில் கொண்டுவருகிறாள். அவர் ஹெல்மெட் போட்டு, மூன்று தட்டி, பிறகு இரண்டு தட்டி, கண்ணை மூடுகிறார். இன்றுவரை லெவல் சொல்லவில்லை. கேட்டால், இன்னும் எறங்கிக்கினு கீது என்கிறார்.

எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அந்த மனுஷன் அந்த ஒற்றைத் தட்டைத் தட்டாமலே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு நானும் உட்கார்ந்திருப்பேன்.