வெள்ளிக்கிழமை கறுத்த வெள்ளி

அரைகுறையாய் வாசித்தவன் கையில் அடுப்பைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள், அதுவும் என் கலியாண வாரத்தில்.

புதன்கிழமை கொக்குவிலில் எங்கள் வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்கான பொன் நெருப்பிலிருந்து பளபளவென்று வந்ததைக் கண்வெட்டாமல் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டுக்கு வரும் சனத்துக்குத் தெளிக்கவென்று நல்லூரிலிருந்து வாசுகியின் அப்பா, என் மாமாவாகப் போகிறவர், தன் பரம்பரைப் பன்னீர்ச்செம்பை அனுப்பினார். "சுத்த வெள்ளி, தம்பி. கவனம்" என்று தொலைபேசியிலும் சொன்னார்.

அதன் கழுத்தில் கறுத்த வரிகள். துணி சுற்றி ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார்களாம். ரப்பரிலுள்ள கந்தகம் வாயுவாய்க் கசிந்து வெள்ளியைக் கறுப்பாக்கும் என்று வாசித்திருந்தேன். சூடாக்கினால் அது போய்விடும் என்றும் வாசித்திருந்தேன். (அடுத்த பக்கம் வாசிக்கவில்லை.)

காஸ் அடுப்பில் வைத்தேன். வரிகள் மறைந்தன. முழுவதும் கறுத்தபின் வரி எங்கே தெரியும்?

"என்னடா உது, தோசைக்கல்லே?" என்றார் அம்மா.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் எருமை நிறம் போய்ப் புள்ளிமாடானது. அதற்கு மேல் அசையவில்லை.

பொன்னுருக்கினால் பெண்ணைப் பார்க்கத்தான் கூடாது, கதைக்கலாம். வாசுகியை அழைத்தேன்.

"ஐயோ, அப்பாவின்ரை உயிரே உதுதான்! தாலி கட்டுமட்டும் வாயைத் திறவாதேங்கோ."

ஞாயிற்றுக்கிழமை. செம்புக்குச் சந்தனம் அப்பி, பூச்சுற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். மணவறையில் வாசுகியும் நானும்; தாலி இன்னும் தட்டத்தில். மாமா சந்தனத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, உந்தக் கறுப்பு?"

பயம் வந்தால் எனக்கு விஞ்ஞானம் வரும். "சூடு பட்டா, வெள்ளியிலை கலந்த செம்பு மேலை வந்து, காற்றோடை சேர்ந்து கறுத்துப்போகும், மாமா. செம்புக்குள்ளை செம்பு இருக்கு."

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். மாமாவின் முகம் செம்பைவிடக் கறுத்தது. வாசுகி குனிந்த தலை நிமிராமல் என் தொடையைக் கிள்ளினாள். கலியாணம் போச்சு என்றே நினைத்தேன்.

அப்போதுதான் மாமி சிரித்தார். "எங்கடை பக்கம் சுத்த வெள்ளி, உன்ரை பக்கம் பித்தளை எண்டு இவர் சொல்ல, கலியாணம் கட்டின நாள் தொட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. ஐயா, கெதியாய்த் தாலியை எடுங்கோ! இந்த மாப்பிள்ளையை விடேலாது."

மண்டபமே சிரித்தது. மாமாவுக்கும் வேறு வழியில்லை.

செம்பு இன்றும் கண்ணாடி அலுமாரியில், அதே புள்ளிகளோடு. மாமா பரம்பரைப் பெருமையைத் தொடங்கினால் போதும், குசினியிலிருந்து மாமியின் குரல் வரும்:

"தம்பி, அந்த அடுப்பை ஒருக்கா மூட்டும்!"