மாமனார் கொடுத்த மடக்குக் கத்தி

மாமனாராகப் போகிறவர் மோதிரம் போட்டால் புரியும். வாட்ச் கட்டினால் புரியும். கத்தியைக் கையில் கொடுத்தால் ஒரு மனுஷன் என்னதான் புரிந்துகொள்வது?

நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் அது நடந்தது. பெண் சுமதி, என்னைப் போலவே ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலை. அவள் அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, இதே ஊரில் லோத்குண்டா பக்கம் வீடு கட்டிக்கொண்ட வேலூர்க்காரர். காபி கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து, "வெச்சிக்கங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். (அந்த மீசைக்கு முன்னால் யார் விளக்கம் கேட்பது?)

அறைக்கு வந்து விரித்துப் பார்த்தேன். ஓர் அலகு, அதில் தேய்ந்துபோன அம்புக்குறி. டின் திறக்க ஒரு கொக்கி. முதுகுப் பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு முரட்டு ஊசி. அது எதற்கு? அறை நண்பன், பெண்ணை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மிரட்டல் என்றான். ஆபீசில் நிஜாம் அரண்மனைச் சாமான் என்றார்கள். (இந்த ஊரில் ஓட்டைச் சொம்பைக் காட்டினாலும் அது நிஜாம் வீட்டுடையதுதான்.) இணையத்தில் படம் போட்டேன். ஒருவர் பர்மா யுத்தம் என்றார். இன்னொருவர், ஊசி குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க என்றார். மூன்றாமவர் லட்ச ரூபாய் போகும் என்றார். நான் மூன்றாமவரை நம்பினேன்.

சனிக்கிழமை, லோத்குண்டாவிலேயே ராணுவ பூட்ஸும் கொசுவலையும் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரரும் பழைய பட்டாளத்துத் தமிழர்.

"ஐயா, இது நிஜாம் காலத்துதா?"

"நக்கோ தம்பி, அதெல்லாம் இல்ல. பட்டாளத்துல குடுக்கறது. இந்த ஊசி கயித்து முடிச்ச அவுக்க."

"வித்தா என்ன கிடைக்கும்?"

அவர் கத்தியைத் திருப்பி, பிடியில் கீறியிருந்த பட்டாள நம்பரைப் படித்தார். முகம் மாறியது. போனை எடுத்தார்.

"ரத்தினம், ஒன் கத்தி என் கடைக்கு வந்திருக்கு. கூட ஒரு பையன். புடிச்சு வெக்கட்டா?"

சற்று நேரம் கேட்டார். என்னைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு ரிசீவரை நீட்டினார். "ஒன் மாமனாராம். பேசு."

ஐயோ!

"எவ்ளோ சொல்றாரு மாப்ள?"

"இன்னும் சொல்லல மாமா" என்றேன். (உலகத்தில் வேறெந்த மடையனும் இப்படிப் பதில் சொல்லியிருக்க மாட்டான்.)

"சர்வீஸ் பூரா என் பாக்கெட்ல இருந்தது. பையன் இருந்தா அவனுக்குக் குடுத்திருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாணம் நின்றதென்றே நினைத்து அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. சுமதிதான் பேசினாள்.

"ஏம்ப்பா, எதுக்குக் குடுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? " என்னிடம் திரும்பினாள். "நீங்களும்தான்! கேட்டா வாய்ல முத்தா உதுந்துடும்?"

பேப்பர் மெல்ல இறங்கியது. மீசை துடித்தது. அது கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. கத்தியை மேஜைமேல் வைத்தேன். அவர் அதை மடக்கி மறுபடி என் பையிலேயே போட்டார்.

கல்யாணம் நடந்தது. கத்தி என்ன விலை போகும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மாமனார் இப்போது எனக்கு எது கொடுத்தாலும் பில்லோடுதான் கொடுக்கிறார். போன தீபாவளிக்கு வேட்டியின்மேல் குத்தியிருந்த பில்லை என் மகள் பைசா விடாமல் உரக்கப் படித்தாள். வீடே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்:

"வெல விசாரிக்கணும்னு மாப்ள வெயில்ல அலையக் கூடாது பாரு."